ரெண்டு கேரியர் குழம்பு

எர்ணாவூர் போகிற பஸ்ஸில் ஏறும்போது பச்சையம்மா குடிக்கத் தண்ணீரைத் தன் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டாள். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில். மூடி சரியாக மூடாது. இடுப்பில் செருகியிருந்ததில் புடவை பாதி நனைந்துவிட்டது. திருவொற்றியூருக்கும் எர்ணாவூருக்கும் நடுவில் பாலைவனம் எதுவும் கிடையாது. ஆனால் அவள் ஒரு சபதத்துக்குக் கட்டுப்பட்டவள்.

சபதம் குப்பம் முழுக்கத் தெரிந்ததுதான். மகன் செல்வம், வியாசர்பாடிப் பெண் சங்கமித்ராவை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு மாலையோடு வந்து நின்ற அன்று, பச்சையம்மா பொதுக்குழாயடியில் இருந்தாள். "அந்த வூட்டுத் தண்ணி ஒரு சொட்டு என் தொண்டையில எறங்குச்சுன்னா நான் பச்சையம்மாவே கெடையாது!" என்று அங்கேயே சொல்லிவிட்டாள். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதனால் கூட்டம் அதிகம், சாட்சிக்குக் குறைவில்லை.

பெண்ணின் மேல் தனியாகக் குறை ஒன்றும் இல்லை. பெண்ணைப் பார்த்ததே அன்றைக்குத்தான். அப்பா பீம்ராவ் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் மாதச் சம்பளக்காரர். பெண்ணும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்து சொந்தமாகச் சம்பாதிக்கிறவள். 'நம்ம ஆளுங்க இல்ல' என்பது ஒன்றுதான் குறை. அது ஒன்றே போதும் என்று குப்பம் கருதியது. பச்சையம்மா மீனை ஏலத்தில் எடுப்பாள், கருத்துகளைக் குப்பத்திலிருந்து எடுத்துக்கொள்வாள்.

செல்வம் வாதாடவில்லை. எர்ணாவூரில் வீடு பிடித்துக்கொண்டு போனான். கொஞ்ச நாளில், விசைப்படகில் கடலுக்குப் போய்த் திரும்பிய மறுநாள் காலை, ஒரு கேரியரோடு அம்மா முன்னால் வந்து நின்றான்.

"மித்ரா குடுத்துச்சு. மீன் கொயம்பு."

"எட்த்துகினு போ."

"வெச்சுட்டுப் போறேன். நாய்க்கு வேணா ஊத்து."

நாய்க்கு ஊற்றுவதற்கு முன் ருசி பார்க்க வேண்டியது ஒரு பொறுப்பு. பச்சையம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டுச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சபதம் தண்ணீருக்குத்தான். குழம்பில் இருப்பது புளிக்கரைசல். அது தண்ணீரில் சேராது.

விசித்திரமான குழம்பு அது. சங்கரா, கெழங்கா, காரப்பொடி என்று பெரிதும் பொடியுமாக மீன்கள் எல்லாம் ஒரே குழம்பில் கிடந்தன. மீன் விற்கிற வீட்டில் யாரும் இப்படி ஆக்கமாட்டார்கள். ஒன்று வேகும்போது இன்னொன்று கரைந்துபோகும். ஆனால் இதில் எதுவும் கரையவில்லை. லேசாக ஒரு கெரசின் வாடை. உப்பு, இன்னும் ஒரு சிட்டிகை விழுந்தால் கெட்டுவிடும் என்கிற விளிம்பில் நின்றது. வியாசர்பாடியில் இப்படித்தான் ஆக்குவார்கள் போலிருக்கிறது என்று பச்சையம்மா முடிவு கட்டினாள். கேரியரைச் சோற்றால் துடைத்துத் தின்றாள். கணவன் ராசையாவுக்கு மிச்சம் வைக்க மறந்துவிட்டாள்.

பிறத்தியார் வீட்டு ஏனத்தைக் காலியாகத் திருப்பக் கூடாது. அது குப்பத்து வழக்கம். எதிரி வீட்டுப் பாத்திரமானாலும் ஒரு பிடி ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அவள் கேரியரைக் கழுவி, மேல் அடுக்கில் நெத்திலிக் கருவாடு போட்டு மகனிடம் நீட்டினாள்.

"ஏனம் காலியா போவக் கூடாது, அதான். வேற ஒண்ணும் நெனச்சுக்க வேணாம்னு சொல்லு."

"சொல்றேன்மா" என்றான் செல்வம், முகத்தில் எதையும் காட்டாமல்.

அடுத்த தடவை கேரியரின் கீழ் அடுக்கில் குழம்பு, மேல் அடுக்கில் ரவை உருண்டை. ரவை உருண்டைக்கு நெய்யும் சர்க்கரையும்தான் சேரும், தண்ணீர் சேராது. சபதத்துக்கு இந்த முறையும் பங்கம் வரவில்லை. இப்படியே மூன்று வருஷம் ஓடியது. கடலுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் குழம்பு வரும், ரவை உருண்டை வரும், கருவாடு போகும். இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குழாயடியில் மருமகளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "அவ பேச்ச எடுக்காத" என்று பச்சையம்மா வெட்டிவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, "கை மட்டும் சுத்தம்" என்பாள்.

போன வருஷம் செல்வம் செத்துப்போனான். கடலில் இல்லை. காசிமேட்டில் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும். பின்னால் நிற்கிற படகிலிருந்து இறங்குகிறவன் ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் கரைக்கு வர வேண்டும். நாள் கணக்காகக் கடலில் கிடந்துவிட்டு வந்தவன், கரை கைக்கெட்டுகிற தூரத்தில், இரண்டு படகுகளுக்கு நடுவில் விழுந்தான். படகுகள் அலையில் ஒன்றோடொன்று சேர்ந்தன. அவ்வளவுதான்.

சாவு வீட்டில் தலைமாட்டில் ஒருத்தியும் கால்மாட்டில் ஒருத்தியுமாக உட்கார்ந்திருந்தார்கள். அதோடு குழம்பு வருவது நின்றது. "புருசன் போனான், கொயம்பும் போச்சு பாத்தியா" என்று பச்சையம்மா ராசையாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். சொன்ன பிறகு வெகுநேரம் அழுதாள். குழம்புக்காக அழுகிறாள் என்று ராசையா நினைத்திருந்தால் அது அவர் குற்றமில்லை.

இப்போது வருஷத் திவசம் வருகிறது. செல்வத்தின் தோஸ்துகள் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. அதில் தோஸ்துகளின் படங்கள் பெரிதாகவும், இறந்தவர் யார் என்று குழப்பம் வராதபடி செல்வத்தின் படம் மூலையில் சிறியதாகவும் இருந்தன. வலை பின்னிக்கொண்டிருந்த ராசையா தலையைத் தூக்காமல் கேட்டார்.

"தே, எலையில இன்னா வெக்கப் போற?"

"வட, பாயசம், கருவாட்டுத் தொக்கு, முட்ட."

"அந்தக் கொயம்பு?"

பச்சையம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவன் உசுர வுடுவானே அதுக்கு. 'மித்ரா வெக்கிற மாரி வராது'ம்பான். அது இல்லாத எலையில புள்ள எப்டி ஒக்காருவான்? நீ ஆக்குனா ஆவாது. போயி கேளு. கேட்டா இன்னா கொறஞ்சா பூடுவ?"

குறைந்துதான் போய்விடுவாள். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் மகன் வந்து இலையைப் பார்த்துவிட்டு, தின்னாமல் எழுந்து போவது போல ராத்திரியெல்லாம் நினைப்பு. அதனால்தான் இந்த பஸ், இந்த பாட்டில்.

*

சங்கமித்ரா கதவைத் திறந்து, பார்த்து, ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. தலைக்குக் குளித்திருந்தாள். இளைத்திருந்தாள்.

"வா... வாங்க அத்தே."

வீடு ஒரே அறை. சுவரில் புத்தர், அவருக்குப் பக்கத்தில் நீலக் கோட்டில் அம்பேத்கர், அவருக்குப் பக்கத்தில் செல்வம். மூன்று பேருக்கும் ஒரே அளவில் சட்டம் போட்டிருந்தது. போஸ்டரைவிட இங்கே மகன் பெரிதாக இருக்கிறான் என்று பச்சையம்மா மனசில் குறித்துக்கொண்டாள். மூலையில் அடுப்பு. கேஸ் அடுப்பு. அதைப் பார்த்ததும் ஏதோ நெருடியது. என்னவென்று பிடிபடவில்லை.

சங்கமித்ரா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பச்சையம்மா இடுப்பிலிருந்து பாட்டிலை எடுத்து டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். சங்கமித்ரா பாட்டிலைப் பார்த்தாள்.

"தெவசம் வருது" என்றாள் பச்சையம்மா.

"தெரியும் அத்தே. நானே உங்கள வந்து பாக்கணும்னு இருந்தேன்."

"இன்னாத்துக்கு?"

"நீங்க சொல்லுங்க மொதல்ல."

"சுத்தி வளைக்க எனுக்கு வராது. அந்தக் கொயம்ப எப்டி ஆக்குவ, சொல்லு. அவனுக்குப் படைக்கணும்."

"எந்தக் கொழம்பு?"

"சொம்மா நடிக்காத. கேரியர்ல குடுத்து அனுப்புவியே, கலந்தாங்கட்டி மீனு போட்டு."

சங்கமித்ரா விழித்தாள். "அது நீங்க குடுத்து அனுப்புறது அத்தே."

"இன்னாது?"

"நீங்கதான அனுப்புவீங்க? அவரு போட்டுலேந்து எறங்கி நேரா உங்க வூட்டுக்கு வந்து வாங்கினு வருவாரு. 'எங்கம்மா உங்கிட்ட பேசாது, ஆனா வயித்துக்கு அனுப்பும்'னு சொல்வாரு. எங்க வூட்ல படையல் கெடையாது, மெழுவத்திதான் ஏத்துவோம். அன்னிக்கு அந்தக் கொழம்ப நானே ஆக்கி ஒரு வாய் சாப்டணும்னு ஆசையா இருந்துச்சு. அதக் கேக்கத்தான் வரணும்னு..."

பச்சையம்மாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எது புரியாவிட்டாலும் அவளுக்குக் கோபம் முதலில் வரும்.

"தா பாரு, குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லு. பொத்தி வெச்சுக்க. இன்னாத்துக்குப் பொய் சொல்ற? நான் ஒண்ணும் உன் சொத்தக் கேக்கல."

"அய்யோ, எனுக்கு மீன் ஆயவே தெரியாது அத்தே! எங்கம்மா வூட்ல மாசத்துக்கு ஒரு தபா கருவாடு. மீன் வாங்குனா அவருதான் ஆய்வாரு, அவருதான் ஆக்குவாரு. நான் ரசம் வெப்பேன்."

"அவன் ஆக்குவானா?"

"ஆமா."

"அவனுக்கு அடுப்புப் பத்த வெக்கத் தெரியுமா?"

கேட்டுவிட்டுப் பச்சையம்மா கேஸ் அடுப்பைப் பார்த்தாள். நெருடியது என்னவென்று இப்போது தெரிந்தது. இந்த வீட்டில் கெரசின் கிடையாது.

வெளியே ஒரு கண்டெய்னர் லாரி போனது, பாத்திரங்கள் அதிர்ந்தன. மூன்று வருஷம். கறிவேப்பிலை போட்ட கை, உப்புப் பார்த்த நாக்கு, கேரியரை இறுக்கி மூடிய விரல் என்று பச்சையம்மா மனசுக்குள் ஒரு பெண்ணை வைத்திருந்தாள். பேசாவிட்டாலும் நம்மை நினைத்துக் குழம்பு அனுப்புகிறவள். அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவளுக்கும் அப்படித்தான், வயிற்றுக்கு அனுப்புகிற ஒரு மாமியார் அந்த நிமிஷத்தில் செத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரையும் டபாய்ச்சுட்டான்" என்றாள் பச்சையம்மா. கையில் கிடைத்ததை எடுத்து மடமடவென்று குடித்தாள். அது டம்ளர். பாட்டில் பக்கத்திலேயே நின்றது. குழாயடியில் ஊரைக் கூட்டிச் செய்த சபதம், குடித்தவள் உட்பட யாரும் கவனிக்காமல் முடிந்துபோனது.

சங்கமித்ரா மெதுவாகக் கேட்டாள். "அப்போ கருவாடு?"

"அது நாந்தான். நெத்திலி. ஒரு தபா வாளக் கருவாடு."

"ஆமா, வாளக் கருவாடு. பொங்கலுக்கு."

"ரவ உருண்ட?"

"நாந்தான் அத்தே. ஏனத்தக் காலியா அனுப்புனா உங்காளுங்க தப்பா நெனப்பீங்கன்னு அவருதான் சொன்னாரு."

*

கெரசினில் சமைப்பது படகில்தான் என்று பச்சையம்மாவுக்குத் தெரியும். செல்வத்தோடு படகில் போன பாஸ்கல் ராயபுரத்துக்காரன். காசிமேட்டில், கரையேற்றி வைத்த படகின் நிழலில் உட்கார்ந்து வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பெண்களும் சேர்ந்து வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். எழுந்து ஓடுவதா வேண்டாமா என்று யோசிப்பது அவன் முகத்தில் தெரிந்தது. ஓடவில்லை.

"யார்ரா ஆக்குனது?" என்றாள் பச்சையம்மா.

எந்தக் குழம்பு என்று பாஸ்கல் கேட்கவில்லை. "அவன்தான் யம்மா. போட்டுல சமையல் அவனோடதுதான். கரைக்குத் திரும்புற அன்னிக்கு, ஏலத்துல போவாத மீனு, உடைஞ்சது, ஒத்தையா மாட்னது எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சுப்பான். கெரசின் ஸ்டவ்வாண்ட ஒர்த்தனையும் வுட மாட்டான். ரெண்டு கேரியர் ரொப்புவான். ஒண்ணு அண்ணிக்கு. இன்னொண்ணு ராவுக்கு எங்க வூட்ல இருக்கும், காலைல வந்து, அண்ணி குடுத்த உருண்டய மேலடுக்குல போட்டு எட்த்துனு உங்க வூட்டுக்கு வருவான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாடா நீ?"

"அவன் உயிரோட இருக்கும்போது சொன்னா என்ன ஒதைப்பான். செத்தப்பறம் சொன்னா நீங்க ஒதைப்பீங்க." பாஸ்கல் ஈயக்குண்டை உருட்டினான். "'ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்து உறுமிகினு கீது பாஸ்கலு, ஆனா நாக்கு ரெண்டுக்கும் ஒண்ணு'ம்பான். எப்டியும் கூடிய சீக்கிரம் பேசிடுவாங்க, யாரு மொதல்லன்னு பெட்டு கட்னான்."

"யாரு மேல கட்டுனாரு?" என்றாள் சங்கமித்ரா.

"அம்மா மேல."

பச்சையம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எப்டி ஆக்குவான்? அதச் சொல்லு. இன்னா போடுவான், எவ்ளோ போடுவான்?"

"நான் துன்றவன் யம்மா. ஆக்குறவன் இல்ல. மாங்கா போடுவான். தேங்கா போட மாட்டான். பெரிய மீன மொதல்ல, காரப்பொடிய எறக்கச்சொல்ல மேல தூவி மூடிடுவான். உப்பு மட்டும் போடவே மாட்டான். கடைசியா எட்டிக் கடல் தண்ணி ஒரு கை அள்ளி வுடுவான். கரையாண்ட தண்ணி இல்ல, நடுக்கடல்ல ஆயத்துத் தண்ணி. 'உப்பு இங்க ஓசி மச்சி'ம்பான்."

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை கரையோரத்தில் தண்ணீர் பல நிறங்களில் கிடைக்கும். சமையலுக்கு ஆகிற நிறம் எதுவும் இல்லை. மூன்று வருஷமாகச் சட்டம் பேசிப் பேசிப் பச்சையம்மா தின்ற குழம்பில் மருமகள் வீட்டுத் தண்ணீர் ஒரு சொட்டுகூட இருந்ததில்லை. அத்தனையும் கடல்.

பாஸ்கல் எழுந்து, படகுக்குள் ஏறி, சாக்கில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்தான். பிரித்தான். கேரியர். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"அன்னிக்கு... பலகைல வுயுந்தது. இன்னொண்ணு தண்ணிக்குள்ள பூட்ச்சு. குடுக்கணும்னுதான் ஒரு வருசமா வெச்சுனுகீறேன். காலியா எப்டிக் குடுக்கறது? இன்னா போட்டுக் குடுக்கறதுன்னும் தெரில."

"அன்னிக்கு எப்டி இது..." சங்கமித்ரா ஆரம்பித்தாள். பாஸ்கல் தரையைப் பார்த்தான்.

"எப்பவும் ஒண்ண நான் வாங்கிப்பேன். அன்னிக்கு முன்னாடியே எறங்கி டீக்குப் பூட்டேன். அவன் ரெண்டையும் தூக்கினு தாண்டுறான். ரெண்டு கைலயும் கேரியர். வழுக்குது. பக்கத்து போட்டுக்காரன் கயிற நீட்டுறான். 'வுட்டுட்டுப் புடிடா, வுட்டுட்டுப் புடிடா'ன்னு எல்லாரும் கத்துறாங்க, கரைலேந்து நானும் கத்துறேன். வுட்டுட்டுப் புடிச்சிருந்தா..." அவன் நிறுத்திக்கொண்டான். "கொயம்பு கவுந்துரும்னு பாத்தான்."

பச்சையம்மா நசுங்கிய கேரியரை வாங்கிக்கொண்டாள். ஒரே வீடாக இருந்திருந்தால் ஒரு கேரியர் போதும். ஒரு கை காலியாக இருந்திருக்கும். இதை அவள் சொல்லவில்லை. சங்கமித்ராவும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஒரே சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். திருவொற்றியூர் வரும்வரை ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், இன்னொருத்தி கேரியரைப் பார்த்தாள்.

*

திவசத்தன்று சங்கமித்ரா காலையிலேயே வந்துவிட்டாள். குப்பம் மொத்தமும் வாசலில் நின்று பார்த்தது. பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள், "இன்னா பச்சே, யாரு இது?" என்று தெரியாதவள் போலக் கேட்டாள்.

"எம் மருமவ. கண்ணு அவிஞ்சா பூச்சு?"

கெரசின் ஸ்டவ்வைக் கடன் வாங்கினார்கள். சங்கராவும் கெழங்காவும் காரப்பொடியும் வாங்கினார்கள். மாங்காய் ஒருத்தி நறுக்கினாள், புளி ஒருத்தி கரைத்தாள். பெரிய மீன் முதலில், காரப்பொடி கடைசியில். எல்லாம் பாஸ்கல் சொன்னபடி. உப்பு மட்டும் கடையில் வாங்கிய உப்பு. கொதி வந்தது, இறக்கினார்கள். பச்சையம்மா கரண்டியால் எடுத்து மருமகள் உள்ளங்கையில் விட்டாள். சங்கமித்ரா நக்கிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அது இல்ல அத்தே."

"தெரியும்."

"உப்பு போட்டுப் பாக்கலாமா?"

"எவ்ளோ போட்டாலும் அது வராது."

அதையேதான் இலையில் வைத்தார்கள். படத்துக்கு முன்னால் ராசையா கற்பூரம் காட்டினார். சங்கமித்ரா பையிலிருந்து ஒரு மெழுகுவத்தி எடுத்து, கேட்காமல், கற்பூரத்திலிருந்தே பற்றவைத்து ஓரமாக நிறுத்தினாள். ராசையா கற்பூரத் தட்டைக் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். அப்புறம் சாப்பிட்டார்கள். ராசையா இரண்டாம் முறை குழம்பு கேட்கவில்லை.

சாயங்காலம் சங்கமித்ரா கிளம்பும்போது பச்சையம்மா நசுங்கிய கேரியரைக் கழுவி எடுத்துவந்தாள். கீழ் அடுக்கில் மிச்சக் குழம்பு, மேல் அடுக்கில் நெத்திலிக் கருவாடு. மூடி சரியாகப் பொருந்தாததால் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"தா. இது நான் குடுத்து அனுப்புறது."

"தெரியுது அத்தே" என்றாள் சங்கமித்ரா. "உப்பே இல்ல."

ரெண்டு பேரும் சிரிக்கப் பார்த்தார்கள். வரவில்லை. மெயின் ரோடு வரைக்கும் பச்சையம்மா கூடவே நடந்தாள்.

எண்ணூர் பஸ் கூட்டத்தோடு வந்து, நிற்காதது போல நின்றது. சங்கமித்ரா ஒரு கையில் கேரியர், ஒரு கையில் பையோடு படியில் ஏறினாள். உள்ளே போக இடமில்லை. கண்டக்டர் விசிலடித்தான். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. படியில் நின்றவள், கேரியர் கவிழாமல் இரண்டு கைகளாலும் அதை நெஞ்சோடு சேர்த்து அணைத்தாள்.

பச்சையம்மா ஓட ஆரம்பித்தாள். செருப்பு ஒன்று கழன்று நடுரோட்டில் கிடந்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரன் திட்டினான்.

"ஏய்! மித்ரா! வுட்ரு அத! கொயம்ப வுட்ரு! கம்பியப் புடி, கம்பியப் புடிடி!"